சம்பந்தியம்மாவின் முழங்காலும் என் மஞ்சள் கண்ணும்

கண்ணு,

உன் மாமியார் கேட்டனுப்பிய தைலப் பாட்டில் உன் அம்மா கொண்டுவரும் பையில் இல்லை. அவரைப் பையைக் கவிழ்த்துத் தேட விடாதே. உள்ளே இருப்பது உனக்குப் பிடித்த முறுக்கும் இந்தக் கடிதமும்தான். அம்மா உன் மாமியாரோடு பேசிக்கொண்டிருக்கட்டும், நீ ஓரமாகப் போய் இதை முழுக்கப் படித்துவிடு. என் எழுத்தைப் பற்றி உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனாலும் உத்தனப்பள்ளிப் பள்ளியில் என் கட்டுரையைப் படித்துவிட்டு வாத்தியாரே நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். (பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மா, "அவரு எழுந்தது அடிக்கிறதுக்கு" என்கிறாள். நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் இவள் படித்துக்கொண்டே இருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உண்மை கூடுதலாக இருக்கும். பொறுத்துக்கொள்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் உன்னிடம், கம்பெனியில் என் உழைப்பைப் பார்த்து ஒரு வாரம் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? ஓய்வு உண்மை. கொடுத்தது கம்பெனி இல்லை. நான் ஓசூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையில் குளுக்கோஸ் ஏற, வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதறாதே. ஈரல் வீங்கியிருக்கிறது, கண் மஞ்சளாக இருக்கிறது, அவ்வளவுதான். இறங்கிக்கொண்டு வருகிறது, சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இந்த வார்டிலேயே நல்ல மஞ்சள் என் கண்தான் என்று நர்ஸ் சொன்னாள். ("அப்படி யாரும் சொல்லல" என்கிறாள் உன் அம்மா.) ஆனால் இந்தக் கடிதம் என் ஈரலைப் பற்றியது இல்லை. உன் மாமியாருடைய ரத்தத்தைப் பற்றியது. அதற்கு வருவதற்கு என் ஈரல் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது.

நான் காலையில் வெந்நீரில் கிராம்புத் தைலம் விட்டுக் குடிப்பது உனக்குத் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போதிருந்து பார்க்கிறாய். அன்றைக்கு ஒன்றிரண்டு சொட்டு. அதில் பசி நன்றாக எடுக்கிறது, ரத்தம் சுத்தமாகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொட்டு கால் ஸ்பூன் ஆயிற்று, கால் ஸ்பூன் அரையாயிற்று. எங்கள் கம்பெனி ஊதுபத்திக்கும் சோப்புக்கும் வாசனை கலக்கிற கம்பெனி. எண்ணெய் வந்து இறங்கும் டிரம்முக்கு அடியில் எப்போதும் ஒரு கை மிஞ்சும். கழுவி ஊற்றுவதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் யாரும் கேட்பதில்லை. அப்படித்தான் எனக்குக் கம்பெனி பஸ்ஸில் 'தைல மாமா' என்று பெயர் வந்தது. பல்வலி என்றால் கிராம்பு, சளி என்றால் யூகலிப்டஸ், மூட்டுவலி என்றால் விண்டர்கிரீன். பஸ் டிரைவர் பாஷா பாய்க்கே கழுத்துப் பிடிப்பை எடுத்துவிட்டவன் நான். பத்தலப்பள்ளி தாண்டுவதற்குள் பாதி பஸ்ஸுக்கு வைத்தியம் பார்த்துவிடுவேன். இதில் பொய்யே இல்லை. உன் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை பார்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டேன். கூடவே, சீக்கிரம் எழுந்துவிட வேண்டும் என்று தைலத்தைக் காலையும் மாலையும் ஒரு முழு ஸ்பூனாக ஏற்றிக்கொண்டேன். தேனில் குழைத்தால் இறங்கிவிடும், தொண்டை மட்டும் கொஞ்சம் எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதுவும் நானே கண்டுபிடித்ததுதான். காய்ச்சல் போயிற்று. சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வந்தது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அப்படியும் ஷிப்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறும்போது பாஷா பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கண்ணு என்னா இப்பிடி மஞ்சளா இருக்குது?"

"பளபளன்னு இருக்குதா? தைலம் பண்ற வேலை அது, பாய்."

"பளபளப்பா? எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குது. எறங்குங்க மாமா. வேலைக்கு வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பின் சீட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: "மாமா நம்மளுக்குத் தெரியாம சரக்குப் போட்டுக்கினு இருந்திருக்குறாரு டோய்!" பஸ்ஸே சிரித்தது. கண்ணு, நான் என் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவன் இல்லை. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வற்புறுத்தியபோதுகூட மோர்தான் குடித்தேன். அப்படிப்பட்டவனுக்கு ஈரல் வீங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஊரை விடு, உன் அம்மா என்ன நினைத்தாள் தெரியுமா? அட்மிட் ஆன அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, முகத்தை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து மோந்து பார்த்தாள். கிராம்பு வாசம். குடிக்கிறவர்கள் நாற்றத்தை மறைக்க என்ன மெல்லுவார்கள்? கிராம்பு! "இத்தினி வருஷமா காலங்காத்தால வாயில கிராம்பு வாசம் ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்று வார்டே கேட்கும்படி அழுதாள். பக்கத்துக் கட்டில் கன்னடக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, அவர் பாஷையில் எனக்குப் புத்தி சொன்னார். எனக்கும் கன்னடம் நன்றாக வரும், நாலு ஊர் எல்லையில் வேலை பார்த்தவன், ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது டாக்டரம்மாதான். உன் வயசுதான் இருக்கும். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, நீங்க குடிக்கலைன்னு நான் நம்பறேன். வேற என்ன சாப்பிடறீங்க, சொல்லுங்க. மருந்து, லேகியம், கஷாயம், எது இருந்தாலும்" என்று கேட்டார். எனக்கு அப்படிக் கேட்டால் போதும், தெரியும் அல்லவா உனக்கு? முழு வைத்தியத்தையும் சொன்னேன். எவ்வளவு அதிகமாகக் குடிக்கிறேனோ அவ்வளவு பெரிய ஆள் என்று நினைப்பார் என்று, ஒரு ஸ்பூன் என்பதை ஒன்றரை ஸ்பூன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நெஜமாவே ஒன்றரையா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஒன்று என்று திருத்தினேன். ஒன்றே அதிகம் என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குழம்பில் போடும் கிராம்பு வேறு, கிராம்புத் தைலம் வேறு. குழம்பில் விழுவது நாலைந்து கிராம்பு. ஒரு ஸ்பூன் தைலம் எடுக்க ஒரு குவியல் கிராம்பைக் காய்ச்ச வேண்டும். அந்தக் குவியலின் காரத்தை முழுக்க நான் ஒரே மூச்சில் ஈரலுக்குள் தள்ளியிருக்கிறேன். வருகிற எதையும் உடைத்துக் கழிக்கிற வேலை ஈரலுடையது. காய்ச்சல் மாத்திரையையும் அதுதான் கழிக்க வேண்டும், தைலத்தையும் அதுதான் கழிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொட்டினால் அது தாங்காது. அதிலும் நான் குடித்தது ஊதுபத்திக்கு வாங்கிய எண்ணெய். "செடியில இருந்து வர்றது தானேம்மா, அது என்னா பண்ணும்?" என்று கேட்டேன். "அரளியும் செடிதான் ஐயா" என்றார். "இனிமே தொட மாட்டேம்மா" என்றேன். (உன் அம்மா இந்த இடத்தில் என் தோளைத் தட்டுகிறாள். ஏன் என்று தெரியவில்லை.)

அத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இதை எழுதியே இருக்கமாட்டேன். கண் வெள்ளையான பிறகு, மஞ்சள்காமாலையைத் தைலத்தாலேயே விரட்டினேன் என்று கதை கட்டியிருப்பேன். ஆனால் டாக்டரம்மா எழுந்து போகும்போது, "இந்த எண்ணெயெல்லாம் வேற யாருக்காவது குடுக்கறீங்களா?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பெருமையிலேயே பெரிய பெருமை அதுதானே. "கல்லாவி ஊருல என் சம்பந்தியம்மா இருக்கறாங்க. இதய ஆபரேஷன் பண்ணி வால்வு மாத்தினவங்க. முழங்கால் மடக்க முடியாது. என் விண்டர்கிரீன் தைலம் தேய்ச்ச பிறகுதான் மாட்டுக்கொட்டாய் வரைக்கும் நடக்கறாங்க" என்றேன். அவர் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். "வால்வு மாத்தினவங்களா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா?" ஆமாம் என்றேன். "எத்தனை நாளா தேய்க்கறாங்க? உடம்புல எங்கியாவது நீலம் பூத்திருக்கா?" என்றார்.

அப்போதுதான் கண்ணு எனக்கு நீ போனில் கேட்டது ஞாபகத்துக்கு வந்தது.

உன் கல்யாணத்தன்று நினைவிருக்கிறதா? உன் மாமியார் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அட்சதை போட்டார். பந்திக்கு நடந்து போக முடியவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் தங்கையிடம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து நடந்தார். ஐந்நூறு பேர் பார்த்தார்கள். (இருநூறு.) "என் சம்பந்தி கைராசிக்காரரு" என்று அவர் மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் உன்னைப் பற்றி அந்த வீட்டில் என்ன பேச்சு இருந்தது என்பது எனக்குத் தெரியும். 'கம்பெனிக்கு ஷிப்டு போன பொண்ணு, மாடு கண்டா தெரியுமா, கடலைச் செடி கண்டா தெரியுமா' என்று. கல்யாணத்துக்குப் பிறகு தினம் சாயங்காலம் நீ அவர் காலடியில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாய். அவரும், "எம் மருமவ கை வெச்சா வலி பறந்துக்கினு போயிடுது" என்று பேச ஆரம்பித்தார். நீ அதைப் போனில் சொன்ன அன்றைக்கு நான் பஸ் முழுக்கச் சொல்லி, எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் மகளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தது என் பாட்டில்தான் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தேன்.

பிறகு நீ கேட்டாய், "அப்பா, அத்தைக்கு முழங்கால்ல, தொடையில எல்லாம் நீலம் நீலமா திட்டு வருது, தேய்க்கலாமா?" என்று. தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாயில்தான் அந்த வார்த்தை வராதே. "கெட்ட ரத்தம் மேல வருது கண்ணு. அதான் தைலத்தோட வேலை. நீலத்து மேலயே நல்லா தேய்" என்றேன். அவரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி, "டாக்டருங்க பார்த்தா நிறுத்தச் சொல்லுவாங்கம்மா. அவுங்களுக்கு நம்ம தைலம் ஆகாது. காதுலயே வாங்காதீங்க" என்றேன். இவ்வளவையும் நான் ஒரே பேச்சில் சொன்னேன்.

டாக்டரம்மா சொன்னது இது. இதை மட்டும் இரண்டு தடவை படி. விண்டர்கிரீன் எண்ணெய், தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரைக்குப் பங்காளி மாதிரி. மேலே தேய்த்தாலும் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அது அந்த மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும். பிறகு ரத்தம் உறைவதே இல்லை. நீலம் என்பது கெட்ட ரத்தம் இல்லை, தோலுக்கு அடியில் ஒழுகி நிற்கிற நல்ல ரத்தம். வெளியே தெரிவதால் அதைப் பார்க்கிறோம், வயிற்றுக்குள்ளோ தலைக்குள்ளோ ஒழுகினால் யாருக்குத் தெரியும்? ஆகவே தைலத்தை நிறுத்த வேண்டும். மாத்திரையை நிறுத்தவே கூடாது, அதை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பது ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. நீயும் நானும் சொல்ல வேண்டியது இல்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன், நீயும் அன்றே நிறுத்திவிட்டாய். நீ கெட்டிக்காரி. ஆனால் உன் மாமியார் நிறுத்தவில்லை. உனக்குச் சலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், அலமாரியில் இருந்த மிச்சப் பாட்டிலை எடுத்துத் தானே தேய்த்துக்கொள்கிறார். நான் அவரிடமே பேசினேன், என்னால் முடிந்தவரை பேசினேன். "ஏன்ணா, டாக்டருங்க யாராவது உங்கள மெரட்டிட்டாங்களா?" என்று சிரித்தார். "நீங்கதானே சொன்னீங்கோ, நிறுத்தச் சொல்லுவாங்க, கேக்காதீங்கன்னு. நான் கேக்க மாட்டேண்ணா." என் வார்த்தையை அவ்வளவு பத்திரமாக யாரும் இதுவரை வைத்திருந்ததில்லை கண்ணு. இன்று காலை நீ போன் செய்து, பல் விளக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது, கேட்டால் "கெட்ட ரத்தம் போவுது, வுடு" என்கிறார், மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து சொல்லியும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் என்று அழுதாய். டாக்டரம்மாவிடம் ஓடினேன், குளுக்கோஸ் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு. இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதனால் நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். உன் மாமியார் தன் உடம்புக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார். ஆனால் சொந்தத்தில் யாராவது படுத்துக்கிடந்தால் போய்ப் பார்க்காமல் இருக்கமாட்டார். அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது பார்க்க வரவில்லை என்று ஒரு சித்தப்பா வீட்டோடு இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை, உனக்கே தெரியும். சம்பந்தி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரிந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. நான் இங்கே இருப்பது அந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். வைத்தியம் சொன்னவனே வைத்தியத்தால் படுத்துவிட்டான் என்று கல்லாவி முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும். அம்மா வந்ததும் அவரிடம் அதைத்தான் சொல்வாள், அழுகையை அவள் நடிக்க வேண்டியதில்லை, வந்துவிடும். பாஷா பாய் தன் மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு வருகிறார். நீ மாமியாருடைய மாத்திரைச் சீட்டை எல்லாம் எடுத்துக்கொள். பாட்டிலையும் எடுத்துக்கொள், என்ன எண்ணெய் என்று டாக்டரம்மா பார்க்க வேண்டுமாம். வழியில் தலை வலிக்கிறது என்றாலோ, வாந்தி வந்தாலோ, தடுமாறினாலோ ஓசூர் வரை வராதே, கிருஷ்ணகிரியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குள் வண்டியை விடச் சொல். ஆரஞ்சுப் பழமும் பிரெட்டும் வாங்காமல் நோயாளியைப் பார்க்க வரமாட்டார், வாங்கட்டும், ஆனால் பழக்காரனிடம் பேரம் பேச மட்டும் விடாதே, பொழுது போய்விடும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ கேட்கமாட்டாய், அம்மா கேட்பாள். இருந்தாலும் சொல்கிறேன். தைலம் நின்றால் அந்த வீட்டில் உன் இடமும் போய்விடும் என்று நீ பயப்படுகிறாய், போனில் உன் குரலிலேயே தெரிந்தது. அவர் பாட்டிலை எடுத்துத் தானே தேய்த்துப் பார்த்தாரே, வலி குறைந்ததா என்று அவரையே கேள். குறையவில்லை என்று நீதான் சொன்னாய். பகல் முழுக்கத் தனியாக மாட்டோடும் வலியோடும் கிடந்தவருக்கு, சாயங்காலம் ஒரு பெண் வந்து காலடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். அது என் டிரம்மிலிருந்து வந்தது இல்லை. இனிமேலும் உட்கார். அழுத்தாதே, நீலத்தைத் தொடாதே, சும்மா உட்கார்ந்து பேசு. பேசுவதற்குக் கதை இல்லையென்றால் என் கதையைச் சொல், பின் சீட்டுக்காரன் கத்தியதிலிருந்து ஆரம்பி. இன்னொன்று. யாராவது எதையாவது கேட்டு, உனக்குத் தெரியவில்லையென்றால் தெரியாது என்று சொல்லிவிடு. அதை நீ என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்க முடியாது. உன் அம்மாவிடமிருந்து கற்றுக்கொள்.

அவர் வார்டுக்குள் வந்ததும் முதலில் என் கண்ணைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். "ஏன்ணா, தைலம் எங்க?" என்று கேட்பார். நீ பதில் சொல்லாதே. அந்த ஒரு கேள்விக்கு நான் சொல்கிறேன். இமையை இழுத்து மஞ்சளைக் காட்டி, 'இதும்மா என் தைலம்' என்று சொல்கிறேன். டாக்டரம்மா கதவுக்குப் பக்கத்திலேயே, சோதனைக்கு ரத்தம் எடுக்க ஊசியோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கீழே பாஷா பாய் ஹாரன் அடிக்கிறார். உன் அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். இந்த வரியை அவள் படிக்கவில்லை. இப்போது நான் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

பயமாக இருக்கிறது கண்ணு. அவரைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா.

அப்பா